பேஸ்பால் டிரேடை எடைபோடுவது எப்படி? புதிய ரசிகருக்கு ஒரு செய்முறை

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். மேஜர் லீக்கின் 30 அணிகளும் சீசன் நடுவே வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான, அதாவது டிரேடு செய்வதற்கான, கெடு அதையொட்டித்தான் முடிகிறது. யார் வருகிறார், யாரைக் கொடுத்தோம், ஏமாந்தது யார் என்று விடிய விடிய வாக்குவாதம் நடக்கும். புதிதாக ஆட்டம் பார்க்கத் தொடங்கியவருக்கு அதில் பாதி புரியாது. "அவருக்கு ஆப்ஷன் தீர்ந்துவிட்டது" என்பார் ஒருவர். "ஆறு வருஷத்தைக் கொடுத்து இரண்டு மாத வாடகை ஆளை வாங்கியிருக்கிறார்கள்" என்று இன்னொருவர் பொருமுவார். ஐபிஎல் ஏலத்தில் பணத்தைக் கொடுத்து வீரரை எடுப்பார்கள். இங்கே பெரும்பாலும் வீரருக்கு வீரர்தான் விலை.

இந்த வாக்குவாதத்தில் நீங்களும் வாய் திறக்க வேண்டுமானால் புள்ளிவிவர நிபுணராக வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். 2022 ஆகஸ்ட் 2 அன்று நடந்த ஹுவான் சோட்டோ டிரேடை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். ஒரு டிரேடில் என்னவெல்லாம் இருக்க முடியுமோ, அத்தனையும் அதில் இருக்கிறது.

படி 1: இரண்டு பத்தி போடுங்கள்

தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் மற்றோர் அணி. பெயர், வயது, அன்றைய நிலை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். கருத்து எதையும் இப்போது எழுதாதீர்கள்.

சான் டியேகோ பாட்ரேஸ் பெற்றது இருவரை. முதலாமவர் அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்) சோட்டோ, வயது 23. மற்றவர் முதல் பேஸ் என்ற இடத்தைக் காக்கும் ஜாஷ் பெல்.

வாஷிங்டன் நேஷனல்ஸ் பெற்றது ஆறு பேரை. இடக்கைப் பிட்சர் (பந்து எறிபவர்) மெக்கென்ஸி கோர், வயது 23, முழங்கை அழற்சியால் அப்போது காயப் பட்டியலில் இருந்தார். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) சி.ஜே. ஏப்ரம்ஸ், 21. அவுட்ஃபீல்டர்கள் ராபர்ட் ஹாசல் (20), ஜேம்ஸ் வுட் (19). இருவரும் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் கீழ்ப் படிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிட்சர் ஹார்லின் சுசானா, 18, மிக அடித்தட்டில். கடைசியாக 31 வயது லூக் வோய்ட்.

வோய்ட் இந்தப் பட்டியலில் பொருந்தாமல் நிற்பது கண்ணில் படுகிறதா? அவர் இடத்தில் முதலில் பேசப்பட்டவர் எரிக் ஹோஸ்மர். சில அணிகளுக்குத் தன்னை அனுப்பக் கூடாது என்று மறுக்கும் உரிமை அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த அணிகளில் வாஷிங்டனும் ஒன்று. அவர் மறுத்தார், வோய்ட் போனார். ஹோஸ்மர் அன்றே பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். ஒரு டிரேடில் விசித்திரமான பெயர் ஒன்றைப் பார்த்தால், அதை முட்டாள்தனம் என்று சொல்லுமுன் ஒப்பந்தத்தில் ஏதாவது விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: ஆண்டுகளை எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதைத் தாண்டிப் போகிறவர்களால்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

பேஸ்பாலில் அணிகள் கைமாற்றிக்கொள்வது மாந்தோப்பின் குத்தகையைப் போன்றது. காய்ப்பு எவ்வளவு என்பதோடு, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்பதையும் கேட்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள்.

குத்தகைக் கணக்கு இப்படி. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுச் சேவை. அப்படி ஆறு ஆண்டுகள் முடியும்வரை வீரர் அணியின் பிடியில் இருப்பார்; அதன் பிறகு ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டுகள் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளம்தான் கிடைக்கும். 2022இல் அது 7 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகள் ஆர்பிட்ரேஷன்: சம்பளம் ஆண்டுதோறும் ஏறும், உடன்பாடு வராவிட்டால் நடுவர் முடிவு செய்வார். ஆக, நல்ல இளம் வீரர் ஒருவர் அணிக்கு மிக மலிவாகக் கிடைப்பது இந்த ஆறு ஆண்டுகளில்தான்.

இதில் அணிகள் செய்யும் சூட்சுமத்துக்கு ஓர் உதாரணம் கிரிஸ் பிரையன்ட். 2015 சீசன் தொடக்கத்தில் சிகாகோ கப்ஸ் அவரை மைனர் லீக்கிலேயே நிறுத்திவைத்து, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் கப்ஸுக்குக் கூடுதலாக முழு ஓராண்டு கிடைத்தது. பிரையன்ட் முறையிட்டார், 2020 தொடக்கத்தில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த 2015இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விதிப்படி சரி, பார்க்க அசிங்கம் என்பதே என் கருத்து. லீக்கும் வீரர்கள் சங்கமும் 2022இல் செய்த ஒப்பந்தம் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது: சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, நாள் குறைந்தாலும் முழு ஆண்டுச் சேவை உண்டு.

இப்போது தாளுக்கு வருவோம். சோட்டோ 2024 முடிவில் ஃப்ரீ ஏஜென்ட். எனவே பாட்ரேஸ் வாங்கியது இரண்டரை சீசன். வேறு விதமாகச் சொன்னால், அக்டோபர் பிளேஆஃப் வாய்ப்பு மூன்று. பெல் அந்த ஆண்டே ஒப்பந்தம் முடிகிறவர், அசல் வாடகை ஆள். எதிர்ப்பக்கத்தில் கோர், ஏப்ரம்ஸ் இருவரும் தலா ஐந்து முழு சீசனுக்குக் குறையாமல் வாஷிங்டனுக்கு. ஹாசல், வுட், சுசானா மூவருக்கும் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை.

23 வயது மேதையை ஏன் விற்றார்கள் என்ற கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது. 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருவதாக வாஷிங்டன் சொன்னதை சோட்டோ ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கிளம்பத்தான் போகிறார் என்றால், ஒவ்வொரு மாதமும் அவருடைய விலை இறங்கிக்கொண்டே இருக்கும்.

படி 3: பிராஸ்பெக்ட் என்றால் வாக்குறுதி அல்ல

மைனர் லீக்கில் வளர்ந்துகொண்டிருக்கும், மேலே வருவார் என்று நம்பப்படும் இளைஞர்தான் பிராஸ்பெக்ட். அணிகளுக்காகத் திறமை தேடும் ஸ்கவுட்கள் இவர்களை 20 முதல் 80 வரையான அளவுகோலில் மதிப்பிடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என ஒவ்வொன்றுக்கும் தனி எண். 50 என்பதைப் பள்ளி மதிப்பெண்போல் நினைத்து உதட்டைப் பிதுக்காதீர்கள். எல்லாவற்றிலும் 50 வாங்குகிறவர் மேஜர் லீக்கில் நிலையாக ஆடுகிற ஆள்.

மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் படியில் ஆடுகிறார்? சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற நான்கில் எவ்வளவு கீழே இருக்கிறாரோ அவ்வளவு சந்தேகம் கூடும். அந்தப் படிக்கு வயது சின்னதா? டபுள்-ஏயில் 20 வயதுக்காரர் அடிக்கும் அடியும் 25 வயதுக்காரர் அடிக்கும் அடியும் ஒன்றல்ல. பிட்சரா, மற்றவரா? பிட்சர் என்றால் முழங்கை, தோள் என்று கவலை கூடிக்கொண்டே போகும்.

தரவரிசைப் பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரேடு நடந்த நாளில், பிராஸ்பெக்ட்களை வரிசைப்படுத்தும் எம்எல்பி பைப்லைன் பட்டியலில் ஹாசல், வுட்டைவிட மேலே இருந்தார். 2025இல், சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானது வுட். ஹாசல் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடியதே அந்த ஆண்டு மே மாதத்தில்தான். இதைவிடச் சிறிய வித்து பெரிய மரமானதும் உண்டு. 2016 ஜூனில் சிகாகோ வைட் சாக்ஸ், 34 வயது பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகப் பாட்ரேஸுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் 17 வயதுப் பையன். அதுவரை தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவன். பின்னாளில் பாட்ரேஸின் நட்சத்திரமான அவன் பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர்.

ஆனால் டாட்டிஸைக் காட்டி எல்லாப் பையன்களையும் பொத்திவைக்கச் சொல்லும் ரசிகர்களை நம்பாதீர்கள். நினைவில் நிற்பவை ஜெயித்த சீட்டுகள்தான். டிரேடில் போய், எங்கும் சொல்லிக்கொள்ளும்படி ஆடாமல் மறைந்த பையன்களின் பட்டியலை யாரும் எழுதுவதில்லை.

படி 4: ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) இடம் இருக்கிறதா?

தொடக்க ரசிகர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஓர் அணிக்கு இரண்டு எண்கள். ஆட்டத்துக்குத் தயாராக உள்ளவர்கள் 26 பேர்; செப்டம்பரில் 28. அவர்களையும் உள்ளடக்கிய பெரிய பட்டியல் 40 பேர். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியேற வேண்டும். 60 நாள் காயப் பட்டியலுக்குப் போகிறவர் அந்த 40இல் எண்ணப்படுவதில்லை.

பெரிய பட்டியலில் இருப்பவரை மைனர் லீக்குக்கு அனுப்ப ஆப்ஷன் வேண்டும். பொதுவாக ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கான ஆப்ஷன் உண்டு. தீர்ந்துவிட்டால், அவரைக் கீழே அனுப்புமுன் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இதற்குப் பெயர் வெயிவர். பட்டியலிலிருந்தே நீக்கினால் ஏழு நாளுக்குள் அவரை டிரேடு செய்யலாம், வெயிவரில் விடலாம், அல்லது விடுவித்துவிடலாம்.

டிசம்பரில் வரும் ரூல் 5 டிராஃப்டையும் கவனிக்க வேண்டும். 18 வயதில் அல்லது அதற்கு முன் ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேல் ஆனவரை நான்கு சீசனுக்குள்ளும் 40இல் சேர்க்காவிட்டால், வேறோர் அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்து அவரைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சீசன் முழுக்கத் தன் 26இல் வைத்திருக்க வேண்டும். ஜூலையில் ஓர் அணி நல்ல பிராஸ்பெக்டை அள்ளிக் கொடுத்தால் தாராள மனது என்று எண்ண வேண்டாம். டிசம்பரில் கிட்டத்தட்ட சும்மா பறிபோகக்கூடியவரை இப்போதே காசாக்குகிறார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கு, சோட்டோ டிரேடுக்கு முந்தைய நாள் நடந்ததைப் பாருங்கள். தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த மில்வாக்கி ப்ரூவர்ஸ், நட்சத்திர ரிலீவர் (ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து எறியும் பிட்சர்) ஜாஷ் ஹேடரைப் பாட்ரேஸுக்குக் கொடுத்து நான்கு பேரை வாங்கியது. அவர்களில் ஒருவரான பிட்சர் டினெல்சன் லாமெட்டை இரண்டே நாளில், ஆகஸ்ட் 3 அன்று, 40 பேர் பட்டியலிலிருந்து நீக்கியது. கொலராடோ ராக்கீஸ் அவரை வெயிவரில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு ப்ரூவர்ஸ் பிளேஆஃபுக்குப் போகவில்லை. மில்வாக்கி ரசிகரிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

படி 5: அணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஒரே டிரேடு இரண்டு அணிகளுக்கும் சரியாக இருக்கலாம். வாஷிங்டன் 2019இல் மேஜர் லீக் கோப்பைக்கான உலகத் தொடரை வென்ற அணி. 2022இல் 107 ஆட்டங்களில் தோற்றது. அவர்களுக்குத் தேவை ஆண்டுகள். 1969 முதல் ஆடிவரும் பாட்ரேஸ் உலகத் தொடரை ஒருமுறைகூட வென்றதில்லை. அவர்களுக்குத் தேவை அந்த அக்டோபர். ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு டாட்டிஸ் இருந்ததால் ஏப்ரம்ஸைக் கொடுக்கவும் முடிந்தது.

படி 6: சட்டையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ரசிகர்கள் முன்வைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை ஒரே வகை: நமக்கு வேண்டாத மூன்று பேரைக் கொடுத்து அவர்களுடைய சிறந்த ஆளை வாங்கிவிடலாம். இதை மடக்க ஒரே கேள்வி போதும். எதிரணி ரசிகராக நீங்கள் இருந்தால் ஒப்புக்கொள்வீர்களா? அவர்களுடைய 40இல் அந்த மூன்று பேருக்கு இடம் ஏது? இந்தக் கேள்வியை உங்கள் சொந்த யோசனையிடமும் கேளுங்கள். பல யோசனைகள் வாயை விட்டு வெளியே வராமலே போய்விடும்.

படி 7: தேதி போட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்

டிரேடு நடந்த அன்றே, அன்று தெரிந்ததை மட்டும் வைத்து நான்கு வரி எழுதி மடித்து வையுங்கள். பின்னாளில் தெரிந்ததை அன்றே தெரிந்ததுபோல் பேசுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சோட்டோ வந்து பத்தே நாளில், ஆகஸ்ட் 12 அன்று, தடை செய்யப்பட்ட மருந்துக்காக டாட்டிஸுக்கு 80 ஆட்டத் தடை வந்தது. ஆகஸ்ட் 2 அன்று எழுதிய தீர்ப்பில் அதற்கு இடமில்லை.

பிறகு நடந்ததைத் தனித் தாளில் எழுதலாம். 2022இல் பாட்ரேஸ், 111 ஆட்டங்களை வென்ற டாட்ஜர்ஸை வீழ்த்தி, மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரில் பிலடெல்பியாவிடம் தோற்றது. 2023இல் 82 வெற்றி, 80 தோல்வி, பிளேஆஃப் இல்லை. அந்த டிசம்பரில் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்று மைக்கேல் கிங், ட்ரூ தார்ப் உள்ளிட்ட ஐவரைப் பெற்றது. மார்ச் 2024இல் தார்ப்பையும் வேறு சிலரையும் கொடுத்து பிட்சர் டிலன் சீஸை வாங்கியது. ஒரு டிரேடின் கிளைகள் இப்படித்தான் விரியும். முதல் கிளையோடு கணக்கை மூடினால் விடை தப்பாக வரும். மறுபக்கம், ஏப்ரம்ஸ் 2024இலும், கோரும் வுட்டும் 2025இலும் ஆல்-ஸ்டார்கள். என் தீர்ப்பு: அன்றைய நாளில் இரு அணிகளும் செய்தது சரி, மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் வாஷிங்டன் வாங்கிய சரக்கு நல்ல சரக்கு. அதைக் கொண்டு அணி எழுந்து நின்றதா என்பது வேறு கேள்வி.

பயிற்சிக்கு ஒரு டிரேடு

2016 ஜூலை 25. கப்ஸ் வாங்கியது ரிலீவர் அரோல்டிஸ் சாப்மனை, அவர் அந்த சீசன் முடிவில் ஃப்ரீ ஏஜென்ட். கொடுத்தது 19 வயது ஷார்ட்ஸ்டாப் கிளேபர் டோரஸையும் மேலும் மூவரையும், யாங்கீஸுக்கு. கப்ஸ் கையில் அப்போது ஷார்ட்ஸ்டாப் ஆடக்கூடிய அடிசன் ரஸலும் ஹாவியர் பாயெஸும் இருந்தார்கள். 1908க்குப் பிறகு அவர்கள் கோப்பையைத் தொட்டதில்லை. இவ்வளவையும் வைத்து உங்கள் நான்கு வரியை எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு இரண்டாவது தாளில் சேர்க்க வேண்டியவை: கப்ஸ் அந்த ஆண்டே உலகத் தொடரை வென்றது, டோரஸ் 2018, 2019 இரண்டிலும் ஆல்-ஸ்டார் ஆனார், அதே சாப்மனை யாங்கீஸ் அந்த டிசம்பரிலேயே ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது.