பழைய வளைவுப் பாலத்தைக் காப்பது எப்படி: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நூறாண்டு கடந்த கல் வளைவுப் பாலமோ செங்கல் வளைவுப் பாலமோ உங்கள் பொறுப்பில் வந்தால், அதன் மேல் ஓடும் லாரிகளைக் கணக்கிடுவதற்கு முன் அதன் அடியில் ஓடும் தண்ணீரைக் கவனியுங்கள். திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து உடைந்தபோது, புதிய பாலம் வந்துவிட்டதால் அதில் போக்குவரத்தே இல்லை. பாரம் இறங்கிவிட்டாலும் ஆறு தன் வேலையை நிறுத்துவதில்லை. இங்கிலாந்தின் டாட்காஸ்டர் கல்பாலத்தின் ஒரு பகுதி 2015 டிசம்பர் வெள்ளத்தில் விழுந்தது. மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் மேலிருந்த பிரிட்டிஷ் காலப் பாலம் 2016 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு பேருந்துகளோடு அடித்துச் செல்லப்பட்டது.

ஆகவே ஆய்வை ஆற்றுப்படுகையிலிருந்து தொடங்குங்கள். நீர் வற்றிய கோடைக்காலமே இதற்கு ஏற்றது. ஆனால் அப்போது கண்ணில் படும் சமதளத்தை நம்பிவிடக் கூடாது. வெள்ளம் பாயும்போது தூணின் முகப்பைச் சுற்றிப் பறிக்கும் குழியை, வெள்ளம் வடியும்போது அதுவே மெல்லிய வண்டலால் மூடிவிடும். ஒரு நீண்ட இரும்புக் கம்பியைத் தூணைச் சுற்றிப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஓரிடத்தில் இரண்டு அடியில் கடினமான தரை தட்டுப்பட்டு, பக்கத்திலேயே ஐந்து அடி வரை கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கினால், அடித்தளத்துக்கு அருகே பழைய அரிப்புக் குழி ஒன்று மறைந்திருக்கலாம் என்று கொள்ள வேண்டும். பாலத்தைத் தாண்டி ஆறு ஓடும் பக்கத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருந்தால் அவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். படுகை தாழும் போக்கு ஆற்றின் மேல்புறம் நோக்கி நகர்ந்து ஒருநாள் தூணின் அடியை வந்து எட்டும். பருங்கற்களை அடுக்கிப் படுகையைக் காப்பதும், பாலத்துக்குக் கீழ்ப்புறம் தாழ்வான தடுப்புச் சுவர் கட்டிப் படுகை மட்டத்தை நிலைநிறுத்துவதும் பொதுவாக நல்ல தீர்வுகள். தூணைச் சுற்றித் தடிமனாகக் கான்கிரீட் கொட்டுவது பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும், தூண்களுக்கு நடுவே நீர் பாயும் கண்வாயின் அகலத்தைக் குறைத்து நீரின் வேகத்தைக் கூட்டி, அடுத்த தூணின் அடியைப் பறிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும்.

அடுத்தது மேலிருந்து இறங்கும் நீர். வளைவின் மேலே, இருபுறப் பக்கச் சுவர்களுக்கு நடுவே நிரப்பு மண் இருக்கிறது. சாலையின் பாரத்தை வளைவு முழுதும் பரப்பிக் கொடுப்பது அதுதான். உள்ளே இறங்கும் நீர் வடிவதற்கான கசிவுத் துளைகள் அடைபட்டால் அந்த மண் ஊறிப் பருத்துப் பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். வளைவின் அடிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்த தடம் தெரிந்தால், காரையிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். துளைகளைத் திறந்துவிடுவதும், சாலைப்பரப்பின் விரிசல்களை அடைப்பதும், மழைநீர் வடிகுழாய்களைச் சுவரைத் தொடாதபடி வெளியே நீட்டுவதும் செலவு குறைந்த பணிகள். இவற்றைச் செய்யாமல் வேறெதைச் செய்தாலும் அது நிலைக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கூடுதல் எடையைத் தவிர, கைப்பிடிச் சுவரின் உயரமும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது.

விரிசல்களை அவசரப்பட்டுப் பூசி மறைக்காதீர்கள். வளைவு அழுத்தத்தால் நிற்பது. கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும் வரை காரையில் சிறு விரிசல் இருப்பதால் பாலம் விழாது. ஆனால் வளைவின் நீளவாக்கில், பக்கச் சுவரை ஒட்டி ஓடும் விரிசல் சுவர் பிரிவதையும், உச்சிக்கு அருகே குறுக்கே ஓடும் விரிசல், வளைவின் இரு முனைகளையும் தாங்கும் தாங்குசுவர்கள் நகர்வதையும் காட்டக்கூடும். செங்கல் வளைவுகளில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றொலி கேட்டால் உள்ளிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம்.

காரை விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பாலத்தில் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சிமென்ட் பூசுவது, பழைய பாலங்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய கேடு. சிமென்ட் மென்மையான கல்லையும் செங்கல்லையும் விடக் கடினமானது, ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. சந்து வழியே வெளியேற வேண்டிய ஈரம் கல் வழியாக வெளியேறி, அதிலுள்ள உப்பு கல்லின் முகத்திலேயே படிகமாகி, முகத்தை ஏடு ஏடாக உரிக்கும். முதலில் பழைய காரையின் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்து, மணலின் அளவையும் பருமனையும், செங்கல் பொடி கலந்திருக்கிறதா என்பதையும் அறியுங்கள். சந்தைக் கையுளியால், அதன் அகலத்தைப் போல் குறைந்தது இருமடங்கு ஆழத்துக்குத் தோண்டுங்கள். அறுக்கும் இயந்திரத்தை வைத்தால் கல்லின் ஓரம் சிதையும். தூசியைக் கழுவி, சந்தை நன்றாக நனைத்து, நீற்றிய சுண்ணாம்பில் கலந்த கெட்டியான காரையை உள்ளே அழுத்தி அழுத்திச் செலுத்தி, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்த சுண்ணாம்புக் காரை மாவாக உதிரும். ஆகவே சாக்கு உலரவிடாமல் நாள்தோறும் நனைப்பதற்கான கூலியையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

அரசும் ஆலும் முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. வேரோடு கற்களும் பெயர்ந்து வரும். அடியோடு வெட்டி, வேரைக் கொல்லும் மருந்தை வெட்டுவாயில் தடவி, வேர் மடிந்த பிறகே சந்தைத் திறந்து சீர் செய்ய வேண்டும்.

பெரிய முடிவுகள் பாரத்தையும் அகலத்தையும் பற்றியவை. வீச்சு (வளைவின் இரு முனைகளுக்கு இடையிலான தூரம்), வளைவின் எழுச்சி (முனைகளிலிருந்து உச்சி வரையிலான உயரம்), வளைவின் தடிமன், உச்சியில் நிரப்பு மண்ணின் ஆழம் ஆகிய அளவுகள் கைவசம் இருந்தால் தாங்குதிறனை முதல்கட்டமாகக் கணிக்கலாம்; ஐயம் எழுந்தால் விரிவான கணக்கு வேண்டும். மொத்த எடையைவிட ஓர் அச்சு இறக்கும் எடையே வளைவைச் சோதிக்கிறது என்பதால், எடைக் கட்டுப்பாட்டுப் பலகையில் அச்சு எடையையும் குறிப்பிடுவது நல்லது. அகலப்படுத்தியே ஆக வேண்டுமென்றால், பழைய வளைவோடு கான்கிரீட்டைக் கம்பியால் பிணைக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் அமிழும், வெவ்வேறு அளவில் விரியும். பக்கத்திலேயே தனிப் பாலம் கட்டுவது மேல். ஆனால் புதிய தூண்கள் பழைய தூண்களின் நேர்க்கோட்டில், நீரோட்டத்துக்கு இசைவாக நிற்க வேண்டும். இல்லையென்றால் புதிய தூண் திருப்பிவிடும் நீர் பழைய தூணின் விலாவில் மோதும். திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் போல் இன்றும் நகரின் சுமையைத் தாங்கும் பாலங்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

மறைவாகச் செய்யும் வலுவூட்டலுக்கு நல்ல எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின் மேல் 1779இல் எழுப்பப்பட்ட வார்ப்பிரும்புப் பாலம். கரைகள் உள்நோக்கி நகர்ந்து வளைவை நெருக்கியபோது, 1934இலேயே வாகனங்களுக்கு மூடப்பட்டிருந்த அந்தப் பாலத்தின் இரும்பைத் தொடாமல், 1970களில் ஆற்றின் அடியில் தலைகீழ்க் கான்கிரீட் வளைவு ஒன்றை அமைத்து இரு கரைகளையும் விலக்கி நிறுத்தினார்கள். பாலத்தைப் பார்க்க வருபவர் கண்ணில் அது படுவதில்லை.

பணி முடிந்ததும் எந்தச் சந்தில் எந்தக் கலவை, எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்பதை வரைபடத்தோடு எழுதி வையுங்கள். விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் தகடுகளை ஒட்டி, ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு அவை முறிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதே நாளில் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு படுகையில் இறங்குங்கள்.