செவ்வாய்க் காற்றில் ஆக்சிஜன் எடுக்கும்போது செல்லைக் காப்பது எப்படி?

செவ்வாய்க் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் அழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் முதல் வேலை காற்றை அமுக்குவதுதான். ஃபில்டரில் தூசியை வடிகட்டி, கம்ப்ரசருக்கு அனுப்புங்கள். இரவில் இயக்கினால் லாபம்: குளிரில் காற்று அடர்த்தியாக இருக்கும், அதே சுழற்சியில் கூடுதல் எடை உள்ளே வரும்.

அடுத்து, கார்பன் டை ஆக்சைடிலிருந்து மின்சாரத்தால் ஆக்சிஜனைப் பிரிக்கும் சிர்கோனியா (ஒருவகைப் பீங்கான்) செல் அடுக்கை 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். அவசரம் கூடாது; பீங்கான் விரிசல் விடும்.

நாசாவின் செவ்வாய் ஊர்தி பெர்சிவரன்ஸில் இப்படி ஆக்சிஜன் எடுத்துக் காட்டிய மாக்ஸி கருவியில் 10 செல்கள். ஒரு ஆம்பியருக்கு 10 செல்லும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 3 கிராம் ஆக்சிஜன் தரும். 4 ஆம்பியருக்கு 12 கிராம், அது தொட்ட உச்சமும் அதுதான். 12 கிராமுக்குக் குறைந்தது 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். இரு மடங்கு விடுங்கள். கஞ்சத்தனம் பிடித்தால் செல் பாழ்.

காரணம் இதுதான். செல்லுக்குச் சுமார் 0.96 வோல்ட்டில் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனுமாகப் பிரியத் தொடங்கும். 1.1 வோல்ட்டைத் தாண்டினால் கார்பன் மோனாக்சைடும் உடைந்து கரி படியும். வாயு போகும் வழி அடைபடும். வாயு வரத்து குறையக் குறைய இந்த எல்லையும் நெருங்கி வரும். ஆகவே ஆம்பியரை ஏற்றுமுன் வரத்தை ஏற்றுங்கள், இறக்கும்போது ஆம்பியரை முதலில் இறக்குங்கள்.

எதிர்ப்பக்கக் கேடும் உண்டு. வெறும் கார்பன் டை ஆக்சைடு சூடான நிக்கல் மின்வாயில் பட்டால் நிக்கல் துருவேறிவிடும். வெளியேறும் வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு காக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் ஓடவிடாதீர்கள்.

தூய்மை 98 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கசிவைத் தேடுங்கள். சுவாசத்துக்கு என்றால் கார்பன் மோனாக்சைடு சோதனை கட்டாயம்.

ஒருவர் மூச்சுவிட மணிக்கு 35 கிராம் போதும். நால்வரைச் செவ்வாய்த் தரையிலிருந்து கிளப்பும் ராக்கெட்டுக்கோ ஏறத்தாழ 25 டன் ஆக்சிஜனும் 7 டன் எரிபொருளும் தேவை. 14 மாதத்தில் சேர்ப்பதென்றால் மணிக்கு 2.5 கிலோ, மாக்ஸியைப் போல் 200 மடங்கு.

அந்த எரிபொருளான மீத்தேனை, கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்க்கும் சபாட்டியே வினையில் செய்யலாம்: நிக்கல் வினையூக்கி, 300 முதல் 400 டிகிரி, ஒரு டன் மீத்தேனுக்கு வெளியிலிருந்து 250 கிலோ ஹைட்ரஜன். கிடைக்கும் நீரை மின்னாற்பகுத்தால் 2 டன் ஆக்சிஜன் வரும்; கூட வரும் ஹைட்ரஜன் திரும்ப வினைக்கே போகும். எஞ்சினோ ஒரு டன் மீத்தேனோடு 3.6 டன் ஆக்சிஜன் கேட்கும். மிச்ச 1.6 டன்னுக்கு இந்தச் செல்கள்தான் கதி.