துப்பறியும் கதை எழுதுபவர்கள் ஒரு போலீஸ் சார்ஜனைப் பிடிப்பது எப்படி?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏழு பேர் மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். எல்லாருக்கும் கொலைக் கதை எழுத ஆசை. ஒருவர் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறார், ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஒருவர் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மா. குழுவை எப்படித் தொடங்குவது என்று இங்கே எழுதப் போவதில்லை. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு குழு, பசியாற ஒரு கடை, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த சங்கதி: போலீஸ், வக்கீல், ஆஸ்பத்திரி ஆட்களை அழைத்து உட்காரவைத்து, கதைக்கு உருப்படியாக ஏதாவது கறப்பது. இதில் முதல் இரண்டு முறையும் நாங்கள் மண்ணைக் கவ்வினோம்.

ஏன் இந்த வேலை என்கிறீர்களா? முதல் வருடம் எங்கள் கதைகளில் வந்த இன்ஸ்பெக்டர் எல்லாரும் சினிமா இன்ஸ்பெக்டர்கள். ஒருவர் 2019இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஜூரிகளை உட்காரவைத்திருந்தார். மலேசியாவில் ஜூரி முறை 1995லேயே போய்விட்டது. இருந்த காலத்திலும் ஏழு பேர்தான்.

படி 1: யாரைக் கூப்பிடுவது

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். வேலையில் இருப்பவர் வாய் திறக்க மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அனுமதி கிடைத்தாலும் அரசாங்க ரகசியச் சட்டம் 1972 நினைவிலேயே பேசுவார், பாவம். ஓய்வு பெற்றவருக்கு நேரமும் இருக்கிறது, கேட்க ஆள் வேண்டும் என்ற ஏக்கமும் இருக்கிறது.

பதவி பார்த்து மயங்காதீர்கள். பெரிய அதிகாரி நிர்வாகம் பேசுவார். தோட்டத்தில் பிணம் கிடந்தால் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியவர் கோப்ரல், சார்ஜன். எங்களுக்குக் கிடைத்தவர் சார்ஜனாக ஓய்வு பெற்றவர், மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் அறிமுகம்.

வக்கீல் என்றால் குற்றவியல் வழக்கு நடத்துபவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. முதலில் வந்தவர் வீடு, நிலப் பத்திரம் பார்ப்பவர். ஒன்றரை மணி நேரம் வீட்டுக் கடன் பற்றித் தெளிவாகப் பேசினார், எங்களில் இருவர் உண்மையிலேயே பயனடைந்தார்கள். கொலைகாரனுக்கு ஒரு பயனும் இல்லை. சட்ட உதவி மையங்களில் தொண்டு செய்யும் இளம் வக்கீல்கள் இதற்கு நல்ல ஆட்கள். லோக்காப்பில் கிடப்பவனின் முதல் நாள் அவர்களுக்குத்தான் தெரியும்.

தடயவியல் டாக்டரைத் துரத்தாதீர்கள், அவருக்கு நேரமில்லை. பிணவறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: அழைப்பு

போன் போடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம். தைப்பூசம், தீபாவளி ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள். பெட்ரோல் காசு உறையில் கொடுங்கள், வாங்க மாட்டேன் என்றாலும் கொடுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்க மாட்டோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

படி 3: கேள்வி கேட்காதீர்கள், காட்சியைக் கொடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் சார்ஜன் ஐயாவிடம் "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க ஐயா" என்றேன். பயிற்சிக் காலம், முதல் மாற்றல், இரண்டாவது மாற்றல், கிளந்தானில் வெள்ளம், ஒரு மேலதிகாரியோடு மனஸ்தாபம். இரண்டு மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் கதையில் வைக்க ஒரு வரி இல்லை. தப்பு அவர் மேல் இல்லை. அவருக்கு எது அன்றாடமோ அதுதான் நமக்குப் புதையல். அன்றாடத்தை யாராவது எடுத்துச் சொல்வார்களா?

அடுத்த முறை ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். ஒரே பக்கம், பெரிய எழுத்து, வரிக்கு வரி இடைவெளி. அவர் கையில் ஒரு சிவப்புப் பேனா கொடுத்து, "எங்கே சிரிப்பு வருதோ அங்கே கோடு போடுங்க" என்றேன்.

காட்சி இது. விடிகாலை, பிரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது, முடிந்து ஆட்கள் தங்கள் மர வரிசையான நிரைக்குப் போகிறார்கள். பால்மரத்தடியில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். இன்ஸ்பெக்டர் தனியாக ஜீப்பில் வருகிறார். பால் வெட்டும் உளியைக் கைக்குட்டையால் எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறார். மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் மேசையைத் தட்டுகிறார், குற்றவாளி அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான். முற்றும்.

முதல் கோடு 'தனியாக' என்ற சொல்லின் கீழ். "என்ன தம்பி, உங்க இன்ஸ்பெக்டருக்கு ஊர்ல யாருமே இல்லையா?" முதலில் வருவது ரோந்துக் கார். அவர்கள் வேலை துப்பறிவது இல்லை, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது. விசாரணை அதிகாரி, அதாவது ஐஓ, பிறகுதான் வருவார்.

இரண்டாவது கோடு கைக்குட்டையின் கீழ். பொருளைக் கிடந்த இடத்திலேயே படம் எடுக்க வேண்டும், அடையாளம் போட வேண்டும், பொட்டலம் கட்டி முத்திரை வைக்க வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுத வேண்டும். இரசாயன இலாகாவுக்குப் போய்த் திரும்பும் வரை அந்தச் சங்கிலி அறக்கூடாது. "சட்டைப் பையில போட்டா அங்கேயே கேஸு செத்துப் போச்சு."

மூன்றாவது கோடு ஒப்புதல் வாக்குமூலத்தின் கீழ். அதை அவர் இரண்டு முறை அடித்தார். விளக்கியது பின்னால் வந்த வக்கீல் அக்கா. 2007இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபின், விசாரணையின்போது சந்தேக நபர் போலீஸிடம் சொன்னதைக் கொலை வழக்கில் அவனுக்கு எதிரான சாட்சியமாகப் பொதுவாகக் கொண்டுவர முடியாது. என் கதையின் உச்சக்கட்டமே காலி. முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அக்கா சிரித்தார். "சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவைப் படிங்க." காவலில் இருப்பவன் "உளியை அந்தச் செம்பனை ஓரத்துக் கால்வாயில் போட்டேன்" என்று சொல்லி, அங்கே போய்ப் பார்த்தால் உளி கிடைக்கிறது என்றால், அந்தக் கண்டுபிடிப்போடு ஒட்டிய பேச்சு மட்டும் நீதிமன்றம் ஏறும். 'நான்தான் கொன்றேன்' ஏறாது, 'கால்வாயில் போட்டேன்' ஏறும். இந்த ஒரு பிரிவை வைத்தே மூன்று கதை எழுதலாம். நான் ஒன்று எழுதிவிட்டேன், மீதி உங்களுக்கு.

அப்புறம்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் பால்மர அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "செத்தவ எந்த மரம் வரைக்கும் வெட்டியிருந்தா?" என்று கேட்டார். யாருக்கும் புரியவில்லை. வெட்டுவதற்கு முன்னால் முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பார்கள். ஆகவே நிரையில் நடந்துகொண்டே போனால், ஒட்டுப்பால் உரித்த, ஆனால் உளி படாத ஒரு மரம் இருக்கும். அந்த மரத்தடியில்தான் அவளை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பின்னால் உள்ள மரங்களில் மங்கில், அதாவது பால் வடியும் கோப்பையில், எவ்வளவு பால் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் நேரமும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். சார்ஜன் ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான் இதைக் கேட்டதே இல்லையே அம்மா" என்றார்.

அதனால் படி 1இல் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: குற்றம் நடந்த இடத்தில் வேலை செய்தவரும் நிபுணர்தான்.

படி 4: குறிப்பு எடுப்பது

555 நோட்டு. கடையில் கடன் எழுதும் அதே குட்டி நோட்டுதான். மடிக்கணினியைத் திறந்தால் பேசுகிறவருக்குத் தாம் விசாரிக்கப்படுவதுபோல் இருக்கும். கைப்பேசியில் பதிவு செய்வது அதைவிட மோசம். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பேச்சு செய்தியாளர் கூட்டம்போல் ஆகிவிடுகிறது. செயலிகளைச் சிபாரிசு செய்பவர்கள் செய்யட்டும், நான் 555தான்.

ஒரு பக்கத்தில் சொன்ன விஷயம், எதிர்ப்பக்கத்தில் சொன்ன விதம். 'எஸ்டிஆர்' என்ற சொல் எனக்கு எதிர்ப்பக்கத்தில்தான் கிடைத்தது. குற்றத்தின் அறிகுறி இல்லாத திடீர் மரணத்தை முதலில் எஸ்டிஆர், அதாவது திடீர் மரண அறிக்கை, என்று கோப்பு போடுவார்கள். பிரேதப் பரிசோதனையில் வேறு தெரிந்தால்தான் அது 302, அதாவது கொலை, ஆகும். உங்கள் துப்பறிவாளருக்கு வேறு வேலையே வேண்டாம். எஸ்டிஆரை 302 ஆக்கினால் போதும்.

படி 5: வீட்டுக்கு வந்து சரிபார்ப்பது

வந்தவர் சொன்னார் என்று அப்படியே எழுதிவிடாதீர்கள். அவர் வேலை பார்த்த காலத்துச் சட்டம் வேறாக இருக்கலாம். உங்கள் கதைக்கு அடிக்கடி தேவைப்படும் கணக்கு இது: பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்குமேல் தடுப்புக் காவல் வேண்டுமென்றால், 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்துக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ உள்ள குற்றத்துக்கு முதலில் 7, பிறகு 7. அதாவது கொலை வழக்கில் ஐஓவுக்கு அதிகபட்சம் பதினான்கு நாள். கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் வேண்டுமா?

நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், பொறுமை வேண்டும்.

படி 6: நீதிமன்றத்தில் ஒரு காலைப் பொழுது

எங்களுக்கு ஈப்போ அரை மணி நேரம். திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய் உட்காரலாம். ஒழுங்காக உடுத்துங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள், பதிவு எதுவும் கூடாது. நாங்கள் போன அன்று மூன்று வழக்கில் இரண்டு தள்ளிவைக்கப்பட்டன. அதையும் எழுதுங்கள், கதைகளில் யாரும் தள்ளிவைப்பதே இல்லை.

முக்கியமாக மொழிபெயர்ப்பாளரைக் கவனியுங்கள். சாட்சி தமிழில் சொல்வது மலாயில் போகிறது. போலீஸ் ஸ்டேஷனில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின் கீழ் எடுக்கும் வாக்குமூலத்திலும் இப்படி நடக்கலாம். பாட்டி "மாமா வந்தாரு" என்கிறாள். அவளுக்கு அது தாய்மாமன். தாளில் 'பாக்சிக்' என்று விழுந்தால், அது தெருவில் போகும் எந்தப் பெரியவராகவும் இருக்கலாம். என் அடுத்த கதை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது, யாரும் திருடாதீர்கள்.

சேர்க்கை 1: கெடாவிலிருந்து ஒரு வாசகர், தன் கதை 1985இல் நடப்பதாகவும் இதே விதிகள் பொருந்துமா என்றும் கேட்டார். பொருந்தாது. அப்போது கொலை வழக்கில் ஜூரி உண்டு. நிரூபணமானால் மரண தண்டனை கட்டாயம். கட்டாயம் என்பது நீங்கியது 2023 ஜூலை 4இல்தான். இப்போது நீதிபதி மரண தண்டனைக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். நான் மேலே சொன்ன 4, 3, 7, 7 கணக்கும் 2007க்குப் பிந்தியது.

சேர்க்கை 2: இதைப் படித்த மூன்று பேர் பாராகுவாட் வைத்துக் கதை அனுப்பினார்கள். தோட்டக் கதை என்றாலே புல் மருந்து. 2020 ஜனவரி 1 முதல் அது இங்கே தடை, ஆகவே போன வருடம் நடக்கும் கதையில் ஸ்டோரில் வரிசையாக அடுக்கி வைக்காதீர்கள். தொண்டையில் இறங்கியதும் சுருண்டு விழுந்து சாகும் காட்சியும் தப்பு என்று பிணவறையில் இருந்த அண்ணன் சொன்னார்.

சேர்க்கை 3: எங்கள் ஊர் என்றதும் 1948 ஜூன் 16ஐ எழுதச் சொல்கிறார்கள். மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறக்கக் காரணமான நாள். அதற்குச் சார்ஜன் போதாது, ஆவணக் காப்பகம் வேண்டும். அது வேறு பதிவு.

சேர்க்கை 4: சார்ஜன் ஐயாவுக்கு முழங்கால் வலி, இரண்டு மாதமாக வர முடியவில்லை. காணொளிச் சந்திப்பு வைத்துப் பார்த்தோம், சிவப்புப் பேனா இல்லாமல் மனிதர் மறுபடியும் கிளந்தான் வெள்ளத்துக்குப் போய்விட்டார். இப்போது தாளை மகன் மூலம் வீட்டில் கொடுத்துவிடுகிறோம், கோடு போட்டுப் புலனத்தில் படமாக அனுப்புகிறார். எழுத்துப் புரியவில்லை என்றால் நேரே போன் போட வேண்டும். குரல் பதிவு அனுப்பினால் கேட்கவே மாட்டார்.