காமர்ஸ் படித்தவர்களும் நீட் எழுதலாம்

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்துவிட்டு, இப்போது மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறீர்களா? வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிறகு இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கூடுதல் பாடங்களாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. உச்ச வயது வரம்பும் கிடையாது, அதனால் டிகிரி முடித்தவர்களும் தயங்க வேண்டாம்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) இந்தப் பாடங்களை மட்டும் தனியாக எழுதலாம். பாடக் குறியீடுகள் 312, 313, 314. செய்முறைத் தேர்வும் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். மூன்றிலும் தேர்ச்சி அவசியம். பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள்.

படிப்பை உயிரியலில் தொடங்குங்கள். நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 அதற்குத்தான். என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல்) புத்தகத்தை வரிவரியாகப் படித்தால் அறிவியல் பின்னணி இல்லாதவர்களும் பிடித்துவிடலாம். இயற்பியல்தான் உண்மையில் நேரம் கேட்கும், கணக்கு விட்டுப்போயிருந்தால் இன்னும் அதிகம். பத்தாம் வகுப்புக் கணக்கு, முக்கோணவியல், வெக்டார் இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு போதும்.