ஸ, ஷ, ச: சீறும் ஒலிகளைப் பிரித்து உச்சரிப்பது எப்படி?

சாவி, பசி, காசு ஆகிய சொற்களில் நம்மில் பெரும்பாலோர் சகரத்தை மூச்சு உரசிச் செல்லும் சீறலாகவே ஒலிக்கிறோம். பச்சை என இரட்டிக்கும்போதும், காட்சி, முயற்சி என வல்லின மெய்யை அடுத்து வரும்போதும் அதே எழுத்து நாக்கு அண்ணத்தில் அழுந்தி விடுபடும் வல்லோசையாகிறது. மஞ்சள், பஞ்சு ஆகியவற்றிலோ ஜகரத்தை ஒத்து அதிர்கிறது. இடத்துக்கேற்ப ஒலி தானாக மாறிக்கொள்வதால் தமிழுக்குள் இதனால் குழப்பமில்லை; சீட், ஷீட் என ஒலி மாறினால் பொருளும் மாறிவிடும் ஆங்கிலச் சொற்களைப் பேசும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

முதலில் ஸகரத்தைப் பழகுங்கள். நாக்கின் இரு விளிம்புகளும் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட்டிருக்க, நடுவில் விழும் சிறு பள்ளத்தின் வழியே வரும் மூச்சு முன்பற்களில் மோதும்போது கூர்மையான சீறல் பிறக்கிறது. நாக்கு நுனி மேல் ஈறை நோக்கி எழுந்தாலும் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் படிந்திருந்தாலும் தவறில்லை. பற்களுக்கு வெளியே மட்டும் நீளக் கூடாது. இனி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டியபடியே, மூச்சை நிறுத்தாமல் நாக்கைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து உதடுகளைக் குவித்தால், சீறலின் சுருதி இறங்கி ஷகரம் கேட்கும்.

நாக்கு எங்கே இருக்கிறது என்ற ஐயம் எழுந்தால், அதே நிலையில் நாக்கை அசைக்காமல் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். ஸகரத்துக்கு முன்பற்களின் பின்புறமும், ஷகரத்துக்கு அதற்குச் சற்று உள்ளே அண்ணமும் குளிரும். கண்ணாடியைவிட இந்தச் சோதனையே நம்பகமானது என்பேன். வடமொழியில் ஶகரத்தையும் சேர்த்துச் சீறும் ஒலிகள் மூன்று. சுலோகம் ஓதுவோர் அதை ஆசிரியரிடம் கேட்டுப் பழகுவதே முறை, அன்றாடப் பேச்சுக்கு இரண்டே போதும்.

அடுத்து, தொண்டையில் விரலை வைத்து ஸகரத்தை ஒலித்தபடியே குரலையும் சேர்த்தால், வண்டின் ரீங்காரம் போன்ற அதிர்வு விரலில் தெரியும். தமிழில் இதற்குத் தனி எழுத்தில்லாததால், விலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பரிசைக் குறிக்கும் சொல்லையும் ‘பிரைஸ்’ என்றே எழுதுகிறோம். பரிசுக்கு இறுதியில் அந்த அதிர்வு வேண்டும், அதற்கு முன்னுள்ள உயிரொலியும் சற்று நீள வேண்டும்.

பயிற்சியைத் தொலைபேசியில் சோதிக்க வேண்டாம். மரபான தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்துகிறது. ஸகரத்தின் வலுவோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால், சரியாகச் சொன்னாலும் மறுமுனையில் மழுங்கியே கேட்கும். கைபேசியில் பதிவு செய்து கேட்பது நல்லது.

பதிவில் ஸகரம் எச்சில் தெறிப்பதுபோல் ஈரமாகக் கேட்டால், அதை நீட்டி ஒலித்தபடியே ஒரு ஸ்ட்ராவை உதடுகளின் நடுவிலும் பின்னர் வாயின் இரு ஓரங்களிலும் பிடித்துப் பாருங்கள். நடுவைவிட ஓரத்தில் சத்தம் கூடினால் மூச்சு பக்கவாட்டில் கசிகிறது என்று பொருள். அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரை அணுகுவதே சரி.