இது எந்தத் துணி? பிரெஞ்சில் சொல்லும் முறை

பாரிஸில் உடை திருத்தும் தையற்கடையில் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘செ தான் குவா?’ என்பதுதான். இது எந்தத் துணி என்று பொருள். பதில் தெரியாமல் இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள்.

நாம் ‘கம்பளிப் பாவாடை’ என்போம். பிரெஞ்சில் உடை முன்னால், துணி பின்னால், நடுவில் ‘ஆன்’: ‘ஊன் ழூப் ஆன் லென்’. ‘ஆன்’னுக்குப் பிறகு ஆங்கில ‘தி’ போன்ற ‘ல’, ‘லா’ எதையும் நுழைக்கக் கூடாது. பாவாடைகள் பல என்றால் ‘ழூப்’பின் கடைசியில் எஸ் சேரும், ‘லென்’ ஒருமையிலேயே நிற்கும்.

‘ஆன்’னுக்குப் பதில் ‘த’ வரலாமா? வரலாம். ‘ஃபுலார் த சுவா’ என்றாலும் பட்டுக் கழுத்துத்துணிதான். ஆனால் கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கும். கடைப்பேச்சுக்கு ‘ஆன்’ போதும். உள்துணிக்கு மட்டும் ‘த’வை விடாதீர்கள்: பட்டு உள்துணி வைத்த மேற்சட்டை ‘வெஸ்த் தூப்லே த சுவா’. ‘பாப்பியே த சுவா’ வேறு கதை. அது மெல்லிய தாள்; அதில் பட்டு ஓர் இழைகூடக் கிடையாது. அங்கே ‘ஆன்’ போட்டால் நிஜமாகவே பட்டில் செய்த தாள் என்றாகிவிடும்.

இனி ரசீது எழுதுவது. பட்டு என்ற ‘சுவா’வின் கடைசியில் ஒலிக்காத ஈ எழுத்து உண்டு, அதை விட்டால் ‘தான், தன்னை’ என்ற வேறு சொல். வெல்வெட்டான ‘வெலூர்’ ஒருமையிலும் எஸ்ஸில்தான் முடியும். அந்த எஸ்ஸும் ஒலிக்காது. பிழை என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

மிகவும் படுத்துவது ‘லென்’னும் ‘லேன்’னும். முதலாவது கம்பளி: நடுவில் ஏ, ஐ, கடைசியில் ஈ, நாக்கு அண்ணத்தைத் தொட்டு முடியும். இரண்டாவது லினன்: எல், ஐ, என் மூன்றே எழுத்து, முடிவில் நாக்கு எங்கும் படாது, ஒலி மூக்கில் கரையும். லினனுக்கு நல்ல சூடு தாங்கும். அதே சூட்டைக் கம்பளியில் நேராக வைத்தால் பளபளப்புத் தட்டும், கருகவும் கூடும். காதில் சந்தேகம் வந்தால் உடையின் உள்தையலில் இருக்கும் பட்டியைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இழைகளின் விகிதம் அதில் இருக்க வேண்டும்: ‘80 % லென், 20 % பொலியாமித்’ (நைலான் வகைச் செயற்கை இழை). அங்கே ‘ஆன்’னும் இல்லை, ‘த’வும் இல்லை.