காட்டுக்குள்ளால் வீதி வருகிறதா? இயந்திரம் இறங்கமுன் செய்யவேண்டியவை

வட இலங்கையின் வன்னியில் "வீதியே வேண்டாம்" என்று மனு எழுதிப் பயனில்லை. மாரியில் சேறாகும் பாதையால் நோயாளியைக் கொண்டுபோகும் ஊர், அந்த மனுவில் கையெழுத்து வைக்காது. எந்தத் தடம், எவ்வளவு அகலம், கிரவல் (வீதிக்குப் பரப்பும் சரளை மண்) எங்கிருந்து என்று கேளுங்கள். காடு மிஞ்சுவதும் போவதும் இந்த மூன்றில்தான்.

வீதி யாருடையது என்பதை முதலில் அறியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கும் உரியவை.

பிறகு தடத்தை நடந்தே அளவுங்கள். காபெற் (தார்) போடும் அகலத்தை அல்ல, காடு வெட்டும் அகலத்தை: இருபக்க வடிகாலும் ஓரத் துப்புரவும் சேர்த்து. 10 மீற்றர் அகலத்தில் 1 கிலோமீற்றர் வெட்டினாலே 1 ஹெக்டேயர். இந்தக் கணக்கு முக்கியம். 1993 யூன் 24ஆம் திகதி வர்த்தமானியின்படி 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைக்கு மட்டுமல்ல, 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் வேலைக்கும் சுற்றாடல் அனுமதி வேண்டும். ஒரே வீதியை ஒன்பது ஒன்பது கிலோமீற்றராகத் துண்டு போட்டாலும் இரண்டாவது விதி பிடிக்கும். சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசிய பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதியும் தேவை.

நடக்கும்போது கைப்பேசியில் இடக்குறிப்போடு படம் எடுங்கள்: யானை கடக்கும் இடம், மழைநீர் ஓடும் தாழ்வு, பெரிய பாலை, முதிரை, வீரை மரங்கள். மரத்தின் சுற்றளவை நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்தில் எடுக்கவேண்டும்.

ஆவணங்களுக்கு 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். "எல்லா விபரமும்" என்று கேட்டால் இழுபடும். தட வரைபடம், வெட்டும் அகலம், வனத் திணைக்களத்தின் சம்மதக் கடிதம், கிரவல் அனுமதிப்பத்திரம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. அதைவிடச் சுருக்கமான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டும் என்றால் அந்த அவகாசம் இல்லை, முந்திக்கொண்டு எழுதுங்கள்.

கோரிக்கையில் மதகுக்கு (வீதிக்குக் கீழால் நீர் போகும் வழி) இடம் கொடுங்கள். மதகின் குழாய் ஓடைத் தரையைவிட உயரத்தில் இருந்தால் மேற்பக்கம் நீர் தேங்கி மரங்கள் பட்டுப்போகும், கீழ்ப்பக்கக் குளத்துக்கு வரத்துக் குறையும். இதைக் காட்டினால் கமக்காரர் அமைப்பும் உங்களோடு வரும். காட்டுக்காக வராதவர்கள் குளத்துக்காக வருவார்கள்.

கிரவல் கிடங்கை வீதி ஓரக் காட்டில் தோண்டவிடாதீர்கள். மாரியில் அது நிரம்பினால் யானை தண்ணிக்கு வீதியோரம் வரும், அதே வீதியில் இரவு வாகனங்கள் வேகமாக வரும். தூரக் கிடங்கென்றால் ஏற்றுக்கூலி கூடும் என்பார்கள். அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கைமாறியபின் சேர்க்க எவரும் சம்மதிப்பதில்லை.